பெட்டிக்குள் வராத ஊர்

முகமும் குரலும்: அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியின் கதை – 9

1967 ஜூலை. நியூ ஜெர்சியின் நூவார்க் நகரம் எரிந்துகொண்டிருக்கிறது. தெருவோரம் நிற்கும் கறுப்பினச் சிறுவனிடம் நியூயார்க் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுக்கிறார். ஒரு கல்லை எடுத்து எறியேன் என்கிறார். பையன் தயங்குகிறான். அவர் விடுவதாக இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் எறிய வைத்துவிடுகிறார். அவருக்கு வேண்டிய படம் கிடைத்துவிட்டது.

கலவரங்களை ஆராய ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அமைத்த குழுவின் அறிக்கையில் பதிவான சம்பவம் இது. இல்லினாய் ஆளுநர் ஆட்டோ கெர்னர் தலைமை வகித்ததால் அதைக் கெர்னர் குழு என்பார்கள். சென்ற இதழில் எட்வர்ட் முர்ரோ 1954-ல் செனட்டர் மெக்கார்த்தியோடு மோதியதைப் பார்த்தோம். அது நியூயார்க் ஸ்டூடியோவில், நாடறிந்த மனிதர்களுக்குள் நடந்தது. இந்த வாரம் உள்ளூர்ச் செய்திக்கு வருவோம். நம் ஊரில் நடந்ததை நமக்கு யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு நம் ஊரைத் தெரியுமா என்ற கேள்விக்கு நூவார்க்கைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

நூவார்க்குக்கு ஒரு காலத்தில் சொந்த டிவி இருந்தது. 1948 மே மாதம் 13-ஆம் எண் சேனல் அங்கே ஒளிபரப்பைத் தொடங்கியது. பிராட் ஸ்ட்ரீட் 1020-ஆம் எண் கட்டிடத்தில்தான் அதன் ஸ்டூடியோ. இன்று அது சிம்பொனி ஹால். அன்று மாஸ்க் தியேட்டர். அந்தக் காலத்துப் பெட்டியில் கையால் திருகும் குமிழில் 2 முதல் 13 வரைதான் சாதாரண வீடுகளில் எடுபடும் எண்கள். நியூயார்க் வட்டாரத்துக்குக் கிடைத்தவை ஏழு: 2, 4, 5, 7, 9, 11, 13. ஆறு நியூயார்க்குக்கு. கடைசி ஒன்று மட்டும் நியூ ஜெர்சிக்கு.

அந்த ஒன்றும் 1961-ல் கைமாறியது. உரிமையாளர்கள் விற்க முன்வந்தார்கள். நியூயார்க்கின் கல்வித் தொலைக்காட்சிக் குழு ஒன்று சுமார் 62 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஆளுநர் ராபர்ட் மெய்னர் விடக்கூடாதென்று நீதிமன்றம் வரை போனார். நியூ ஜெர்சிச் செய்திகளுக்கு இடம் ஒதுக்குவோம் என்ற வாக்குறுதியோடு வழக்கு முடிந்தது. 1962 செப்டம்பரில் சேனல் மறுபடி வந்தபோது அதன் உயிர் மன்ஹாட்டனில் இருந்தது. உரிமத்தில் மட்டும் ஊர் மாறவில்லை. இன்றைக்கும் அந்தச் சேனல், டபிள்யூ.நெட், சட்டப்படி நூவார்க் சேனல்தான். ரேஷன் கார்டு ஓர் ஊரில், குடித்தனம் வேறு ஊரில் என்போமே, அந்தக் கதை.

1965-ல் அதே பிராட் ஸ்ட்ரீட் கட்டிடத்திலிருந்து 47-ஆம் சேனல் கிளம்பியது. ஸ்பானிஷ் முதலான மொழி நிகழ்ச்சிகளும் கேளிக்கையும் அதன் பிழைப்பு. பிற்காலத்தில் அது ஸ்பானிஷ் வலையமைப்பான டெலிமுண்டோவின் நியூயார்க் நிலையமாக வளர்ந்தது. ஆனால் அதன் எண்ணைப் பிடிக்கத் தனி வளைய ஆன்டெனா வேண்டும். பழைய பெட்டிகளில் அந்த எண்ணே கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான், 1967 ஜூலை 12 இரவு, ஜான் ஸ்மித் என்ற டாக்ஸி ஓட்டுநரைப் போலீஸ் அடித்து இழுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குள் போனது. எதிரே இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அதைப் பார்த்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். கலவரம் அடங்கும்போது 26 பேர் இறந்திருந்தார்கள். நகர மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். நகர்மன்றமும் காவல் துறையும் பெரும்பாலும் வெள்ளையர் கையில். ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கேமராக்கள் வந்தன. தீயைப் படம் எடுத்தன. அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் எத்தனை மாதமாக ஓடவில்லை, பக்கத்துப் பள்ளியில் வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் அதற்கு முன் கேட்டு வைத்திருந்த செய்தியாளர் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கேட்டு வைக்க வேண்டிய நிலையம்தான் ஆறு வருடத்துக்கு முன்பே ஆற்றைக் கடந்துவிட்டதே.

கெர்னர் குழுவிடம் ஜான்சன் கேட்ட கேள்விகளில் ஒன்று, ஊடகங்களால் கலவரத்துக்கு என்ன விளைவு என்பது. டிவிதான் ஊதி விட்டது என்று குழு சொல்லப்போகிறது என்று பலர் எதிர்பார்த்தார்கள். குழு உட்கார்ந்து எண்ணியது. 15 நகரங்களின் ஒளிபரப்புகளிலிருந்து 955 காட்சித் துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் தன்மையைத் தீர்மானிக்க முடிந்தவை 837. நிதானமானவை 494, கொந்தளிப்பானவை 262, சாதாரணமானவை 81. ஆவேசத் தலைவர்களைவிட மிதவாதத் தலைவர்களே திரையில் அதிகம் வந்திருந்தார்கள். ஆக, தீ மூட்டிய பழி டிவி மேல் விழவில்லை.

1968 மார்ச் மாதத் தொடக்கத்தில் வெளியான அறிக்கை வைத்த குற்றச்சாட்டு வேறு. கலவரம் நடந்த அன்றைக்குத்தான் பத்திரிகையும் டிவியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கின்றன. மற்ற நாட்களில் கறுப்பினத்தவர் பிள்ளை பெறுவதும், கல்யாணம் செய்வதும், சங்கக் கூட்டத்துக்குப் போவதும் அவற்றின் கண்ணில் படுவதில்லை என்றது. காரணமும் சொன்னது. செய்தித் துறையில் எழுத்து, ஆசிரியப் பணிகளில் இருந்தவர்களில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் கீழே. ஆசிரியர், மேற்பார்வையாளர் நிலையில் 1 சதவீதம்கூட இல்லை; அந்தச் சிலரிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் நடத்திய நிறுவனங்களில் இருந்தார்கள்.

செய்தியின் தரமும் செய்தி அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் ஒரே விஷயம் என்று ஓர் அரசு ஆவணம் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அரிது. சொன்னதோடு சரி. ஜான்சன் அறிக்கையைக் கையில் வாங்கவே தயங்கினார். அறிக்கை படித்து மனம் மாறி ஆள் எடுத்த நிலையங்கள் சில இருந்தன என்பது உண்மைதான். ஆனால் பொதுவாக முதலாளிகளை அசைத்தது மனசாட்சி என்று நான் நம்பவில்லை. அவர்களை அசைத்தது ஒரு காகிதம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை காலாவதியாகும் காகிதம்.

பத்திரிகை நடத்த அமெரிக்காவில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். டிவிக்கு அலைவரிசை வேண்டும். அலைவரிசை பொதுச் சொத்து. எஃப்.சி.சி. என்ற கூட்டரசு ஆணையம் உரிமம் கொடுக்கும், அன்றைய கணக்கில் மூன்று வருடத்துக்கு. பொதுநலனுக்கு உழைத்தால் புதுப்பிக்கும். நடைமுறையில், மனுப் போட்டால் முத்திரை விழும். எதிர்த்து மனுப் போட வேண்டுமென்றால் ஒன்று உங்கள் அலைவரிசையில் அவர்கள் குறுக்கிட வேண்டும், அல்லது உங்கள் தொழிலுக்கு நஷ்டம் வர வேண்டும். பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்த வழக்கில் இடமில்லை.

இதை உடைத்தவர் எவரெட் பார்க்கர். ஐக்கிய கிறிஸ்து சபையின் தகவல்தொடர்புப் பிரிவின் தலைவர், பாதிரியார். மிசிசிப்பி மாநிலம் ஜாக்ஸனில் டபிள்யூ.எல்.பி.டி. என்ற நிலையம் இருந்தது. 1955-ல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய ஒளிபரப்பில் தோன்றியபோது அங்கே திரையில் 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்ற அட்டை வந்தது. (ஆட்சி மாறினால் சேனல் வரிசையும் மாறிப் பழகிய தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கோளாறின் வகையை விளக்க வேண்டியதில்லை.) 1964 மார்ச்சில் பார்க்கர் உள்ளூர்க்காரர்கள் சிலரைப் பழக்கி, ஒரு வாரம் முழுக்க அந்த நிலையத்தின் ஒளிபரப்பை ரகசியமாகக் குறிப்பெடுக்க வைத்தார். அந்தக் குறிப்புகளோடு உரிமத்தை எதிர்த்து மனு போனது. ஆணையம் தள்ளியது. 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பார்வையாளருக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்றது. எழுதியவர் நீதிபதி வாரன் பர்கர், பழமைவாதி. ஆணையம் மறுபடியும் நிலையத்தின் பக்கமே சாய, 1969 ஜூனில் அதே பர்கர் உரிமத்தையே ரத்து செய்தார். சில நாட்களில் அவர் அமெரிக்கத் தலைமை நீதிபதி. ஜாக்ஸன் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்; இப்போது நமக்கு அங்கிருந்து வேண்டியது அந்த ஆயுதம் மட்டும். அதை அடுத்து எடுத்தது டெக்ஸஸில் ஒரு சின்ன ஊர்.

டெக்ஸர்கானாவை நடுவில் பிளந்து போகும் தெருவின் பெயரே ஸ்டேட் லைன் அவென்யூ. தெருவின் ஒரு பக்கம் டெக்ஸஸ், மறுபக்கம் ஆர்கன்சா. தபால் நிலையமும் நீதிமன்றமும் உள்ள கட்டிடம் எல்லைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் ஒரு காலை இந்த மாநிலத்திலும் மறு காலை அந்த மாநிலத்திலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஊர் பெயரில் உரிமம் வாங்கிய 6-ஆம் சேனல், கே.டி.ஏ.எல்., 1960-களின் தொடக்கத்தில் லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டுக்குப் பெயர்ந்தது. சுமார் 70 மைல். மூன்றாவது மாநிலம். பெரிய ஊர், அதிக விளம்பரம். நூவார்க்கில் நடந்ததன் டெக்ஸஸ் பதிப்பு என்றே சொல்லலாம். போதாக்குறைக்கு டெக்ஸர்கானாவின் நாளிதழும் அதே முதலாளி வசம்.

கறுப்பின மக்களுக்கு இது இரட்டை அடி. டிவிக்கு ஊரே தெரியவில்லை. தெரிந்த கொஞ்சத்திலும் அவர்கள் தெரு இல்லை. ஒரு சாவு, ஒரு தேவாலய விழா, பள்ளிக்கூடத்தில் ஒரு தகராறு என்று செய்தி சொல்ல வேண்டுமென்றால் ஷ்ரீவ்போர்ட்டுக்கு டிரங்க் கால் போட வேண்டும். காசு அவர்களுடையது.

1969 ஜனவரியில் 12 கறுப்பின அமைப்புகள் சேர்ந்து, பார்க்கரின் சபை துணை நிற்க, உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாதென்று ஆணையத்தில் மனுப் போட்டன. சேனல் முதலில் முறுக்கிக்கொண்டது. பிறகு, ஜாக்ஸன் வழக்கு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்ததோ என்னவோ, பேச உட்கார்ந்தது. ஜூனில் 13 அம்ச ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த அம்சங்களில் சில ரொம்பவும் சாதாரணம். அதனால்தான் எனக்குப் பிடிக்கும். டெக்ஸர்கானாவிலிருந்து ஸ்டூடியோவுக்குக் காசில்லாமல் பேச ஒரு தொலைபேசி இணைப்பு. மாதம் ஒரு முறை ஊர்க் குழுவோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஏதாவது ஒரு பிரிவினருக்கு முக்கியமான தேசிய நிகழ்ச்சியை அவர்களைக் கேட்காமல் வெட்டக் கூடாது. சர்ச்சைக்குரிய விஷயங்களை ஒதுக்காமல் எல்லாப் பக்கத்தையும் பேச விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், குறைந்தது இரண்டு முழுநேரக் கறுப்பினச் செய்தியாளர்கள். அவர்கள் கேமரா முன்னால் வர வேண்டும்.

கேமரா முன்னால் என்ற சொற்களை அழுத்திப் போட்டதற்குக் காரணம் உண்டு. ஆளை எடுத்து ஃபிலிம் கழுவும் அறையில் உட்கார வைத்துவிட்டு, எங்களிடமும் ஒருவர் இருக்கிறார் என்று கணக்குக் காட்ட முடியும். ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு அந்த வித்தை தெரிந்திருந்தது.

ஜூலையில் ஆணையம் ஒப்பந்தத்தை ஏற்று உரிமத்தைப் புதுப்பித்தது. நிலையத்தோடு பார்வையாளர்கள் நேருக்கு நேர் பேசிக் கையெழுத்து வாங்கிய முதல் ஒப்பந்தம் என்று ஒளிபரப்புச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். ஒரு வாலும் உண்டு: வழக்குச் செலவு 15,137 டாலரை நிலையம் சபைக்குத் திருப்பித் தர ஒத்துக்கொண்டது; ஆணையம் கூடாதென்றது. சபை அதற்கும் நீதிமன்றம் போனது. 1972-ல் அதிலும் வென்றது.

பிறகு நாடெங்கும் மனுக்கள். எல்லாம் பலிக்கவில்லை. சான் அன்டோனியோவில் மெக்ஸிகோ வம்சாவளியினரின் கூட்டணி ஒரு நிலையத்தின் உரிமத்தை எதிர்த்துப் போன வழக்கு 1974-ல் தோற்றது. ஆனால் அந்த ஊர் வேறொரு வழியை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது. அடுத்தவன் சேனலில் இடம் கேட்பதைவிடச் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று ராவுல் கோர்ட்டெஸ் 1955-லேயே 41-ஆம் எண்ணில் ஸ்பானிஷ் நிலையம் தொடங்கினார். அமெரிக்கப் பெருநிலத்தில் அதுவே முதல். பணம் கட்டுப்படியாகாமல் 1961-ல் கைமாறியது. இன்றைய ஸ்பானிஷ் வலையமைப்பான யூனிவிஷனின் வேர் அது. பின்னாளில் இதே சான் அன்டோனியோவில் படித்து, அங்கேயே டிவியில் பழகிய ராஜமுந்திரிப் பெண் உமா பெம்மராஜு, 1996-ல் ஃபாக்ஸ் நியூஸ் தொடங்கிய நாட்களிலேயே அதன் செய்தி வாசிப்பாளர்களில் ஒருவராக இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு.

கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதிக்குப் போவோம். 1964 ஜூலை. சான் ஃபிரான்சிஸ்கோ எல்லையில், டேலி சிட்டியின் கௌ பேலஸ் அரங்கில் குடியரசுக் கட்சி மாநாடு. பேரி கோல்ட்வாட்டரை வேட்பாளராக்கப் போகிறார்கள். முன்னாள் ஜனாதிபதி ஐசன்ஹோவர் பேச்சுவாக்கில் பத்திரிகைக் கட்டுரையாளர்களையும் விமர்சகர்களையும் சாடியதும், பிரதிநிதிகள் எழுந்து டிவிக் கூண்டுகளைப் பார்த்துக் கை முஷ்டியை ஆட்டினார்கள். என்.பி.சி.யின் ஜான் சான்ஸலரை அரங்கிலிருந்து காவலர்கள் இழுத்துப் போனார்கள். எங்கோ காவலில் இருப்பதாகச் சொல்லி அவர் விடைபெற்றது இன்றும் டிவிக்காரர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை.

மேல் மாடத்தில் நடந்ததை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஓக்லண்டின் கறுப்பின வானொலியான கே.டி.ஐ.ஏ.யிலிருந்து பெல்வா டேவிஸும் செய்தி இயக்குநர் லூயிஸ் ஃப்ரீமனும் வந்திருந்தார்கள். பத்திரிகையாளர் அனுமதி கிடைக்கவில்லை. யாரிடமோ விருந்தினர் சீட்டு வாங்கி மேலே உட்கார்ந்திருந்தார்கள். சுற்றியிருந்த கூட்டம் அவர்களைக் கண்டுகொண்டது. வசவு தொடங்கியது. குப்பை பறந்தது. ஒரு சோடா பாட்டில் பெல்வாவின் தலைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. இருவரும் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு, ஓடாமல், நடந்தே வெளியே வந்தார்கள். பத்திரிகையாளராகத்தான் ஆவது என்று அன்றைக்குத் தீர்மானித்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஒரே அரங்கம், ஒரே வாரம். சான்ஸலருக்கு நேர்ந்தது லட்சக்கணக்கான வீடுகளில் நேரலையாகத் தெரிந்தது. பெல்வாவுக்கு நேர்ந்ததைப் படம் பிடிக்க அங்கே கேமரா இல்லை.

1966-ல் கே.பி.ஐ.எக்ஸ். டிவி நிலையம் அவரை எடுத்தது. மேற்குக் கரையின் முதல் கறுப்பினப் பெண் டிவி செய்தியாளர் அவர். காலியான இடம் நான்ஸி ரெனால்ட்ஸ் என்பவருடையது. அவர் ஆளுநராகத் தேர்வான ரீகனிடம் வேலைக்குப் போனார். பெர்க்லி மாணவர் போராட்டம், கறுப்புச் சிறுத்தைகள், நகர மண்டபக் கொலைகள், எய்ட்ஸ் என்று பெல்வா தொடாத செய்தி இல்லை. 1993 முதல் 2012 வரை பொதுத் தொலைக்காட்சியான கே.க்யூ.இ.டி.யில் வாரந்தோறும் வட கலிஃபோர்னிய அரசியலை அலசினார். கத்தல் கிடையாது, மேஜையைச் சுற்றி நான்கு செய்தியாளர்கள், படித்துவிட்டு வந்து பேசுவார்கள். நம்மூர் இரவு விவாதங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் தூக்கம் வரும்.

அதே ஊரில் சீனர்களுக்கும் தனிக் கதை. 1976-ல் தொடங்கிய 26-ஆம் சேனல் 1989 முதல் கான்டனீஸில் தினமும் நேரலைச் செய்தி கொடுத்தது. ஓட்டு எங்கே போடுவது என்பதைத் தாய்மொழியில் அதில் கேட்டறிந்த பாட்டிமார்கள் அங்கே ஏராளம். இது நினைவிருக்கட்டும்; கடைசியில் தேவைப்படும்.

நியூ ஜெர்சி என்ன ஆனது? 1968-ல் மாநிலமே சட்டம் போட்டு, 1971 ஏப்ரலில் தன் பொதுத் தொலைக்காட்சியை டிரென்டனிலிருந்து தொடங்கியது. கிடைத்த எண்கள் 52, 23, 50, 58. எல்லாம் வளைய ஆன்டெனா எண்கள். படம் புள்ளி புள்ளியாக வந்தாலும், சட்டமன்றத்தில் இன்று யார் என்ன பேசினார் என்று தினமும் சொல்ல ஒரு நிலையம் வந்தது. அதன் மைக்கேல் அரோன் 1982-லிருந்து பல ஆளுநர்களைத் துரத்தித் துரத்திக் கேள்வி கேட்டார். ஆளுநர்களே மரியாதையோடு பயப்பட்ட ஆள்.

சாதாரணப் பெட்டியில் வரும் வணிகச் சேனல் இல்லாத மாநிலங்கள் அப்போது இரண்டே: நியூ ஜெர்சி, டெலவேர். 1982-ல் செனட்டர் பில் பிராட்லி ஒரு வரி மசோதாவின் இடுக்கில் ஒரு பத்தியைச் செருகினார். அப்படிப்பட்ட மாநிலத்துக்கு எந்த நிலையம் இடம்பெயர்கிறதோ, அதற்கு ஐந்து வருட உரிமம் தானாகக் கிடைக்கும். நியூயார்க்கின் 9-ஆம் சேனல் அப்போது உரிமமே பறிபோகும் நிலையில் இருந்தது. அதன் தாய் நிறுவனம் வேறு முறைகேடுகளில் மாட்டியிருந்தது. தப்பிக்க ஒரே வழி ஆற்றைக் கடப்பது. 1983-ல் 9-ஆம் சேனலின் ஊர் சட்டப்படி நியூ ஜெர்சியின் சீகாகஸ் ஆனது. மறுபடியும் காகிதம்தான் வேலை செய்தது.

ஆனால் அந்தக் காகிதத்தின் கூர் மழுங்கிக்கொண்டே வந்தது. மூன்று வருட உரிமம் 1981-ல் ஐந்தாக நீண்டது, 1996-ல் எட்டாக. சர்ச்சைகளில் எல்லாத் தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி 1987-ல் போனது. சிறுபான்மையினருக்கு நிலையம் விற்றால் கிடைத்த வரிச் சலுகை 1995-ல் போனது. நிலையங்களை வாங்கிக் குவிக்க இருந்த வரம்புகள் தளர்ந்தன. 9-ஆம் சேனல் 2001-ல் ஃபாக்ஸ் வசம் வந்தது. நியூ ஜெர்சிச் செய்தி சுருங்கிக்கொண்டே போக, 2007-ல் பொதுமக்கள் குழு ஒன்று உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாதென்று மனுப் போட்டது. டெக்ஸர்கானாவில் ஆறே மாதத்தில் நிலையத்தைப் பேச்சுக்கு இழுத்து வந்த அதே வகை மனு. இங்கே ஏழு வருடம் ஊறியது; 2014-ல் உரிமம் புதுப்பிக்கப்பட்டது. இதற்கிடையில் 2013 ஜூலையிலேயே 9-ஆம் சேனல் தன் செய்தி அறிக்கையை நிறுத்திவிட்டு, வெளியார் தயாரித்த இலகுவான செய்திக் கதம்பம் ஒன்றைப் போட்டுக்கொண்டது.

மாநிலப் பொதுத் தொலைக்காட்சியையும் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2011 ஜூன் 30-ஆம் தேதி மூடினார். அரசுக்கு இனி இந்த வேலை வேண்டாமாம். எடுத்து நடத்த வந்தவர் யார் என்கிறீர்கள்? டபிள்யூ.நெட். 1961-ல் நூவார்க்கிலிருந்து போன அதே 13-ஆம் சேனல். 2025 ஜூலையில் பொது ஒளிபரப்புக்கான கூட்டரசு நிதியை நாடாளுமன்றம் வெட்டியது, மாநிலமும் கையைச் சுருக்கியது, செப்டம்பரில் டபிள்யூ.நெட் 2026 ஜூன் 30-ஓடு விலகிக்கொள்வதாக அறிவித்தது. மத்திய நியூ ஜெர்சியில் பெட்டியைத் திறந்தால் நியூயார்க் சேனல்களும் வரும், ஃபிலடெல்ஃபியா சேனல்களும் வரும். பிராங்ஸில் கத்திக்குத்து தெரியும், ஃபிலடெல்ஃபியாவின் கால்பந்து தெரியும். எடிசனில் பள்ளி வாரியத் தேர்தலில் யார் நிற்கிறார்கள் என்பதை வாட்ஸ்அப் குழுவில்தான் கேட்க வேண்டும். அங்கே வருகிற பதில்களின் லட்சணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

9-ஆம் சேனலின் செய்தி நின்ற அதே 2013 ஜூலையில் ஓக்லண்டில் நடந்ததைச் சொல்லி இந்த வாரத்தை முடிக்கிறேன். 6-ஆம் தேதி, சியோலிலிருந்து வந்த ஏசியானா 214 விமானம் சான் ஃபிரான்சிஸ்கோவில் தரையிறங்கும்போது மோதி உடைந்தது. சீனப் பள்ளி மாணவியர் மூவர் உயிரிழந்தனர். உள்ளூர் நிலையமான கே.டி.வி.யு. இரவு பகலாக வேலை செய்தது. எல்லோருக்கும் முந்தினோம், ஒரு தப்புத் தகவல்கூடப் போகவில்லை என்று விளம்பரமும் போட்டுக்கொண்டது. 12-ஆம் தேதி நண்பகல் செய்தியில், விமானிகள் நால்வரின் பெயர்கள் என்று திரையில் போட்டு வாசித்தார்கள். நான்கும் யாரோ குறும்புக்குக் கட்டிய போலிப் பெயர்கள். சத்தமாகச் சொன்னால் விபத்தைக் கேலி செய்யும் ஆங்கில வாக்கியங்கள். சீனப் பெயர் போல ஒலிக்கட்டும் என்று செய்தவை. விமானிகள் கொரியர்கள் என்பதுகூடக் குறும்புக்காரருக்கு ஒரு பொருட்டில்லை.

விமான விபத்து விசாரணை வாரியத்துக்குப் போன் போட்டு உறுதி செய்ததாக நிலையம் சொன்னது. எதிர்முனையில் பேசியவர் கோடை விடுமுறைக்கு வந்த பயிற்சி மாணவர். நிலையம் கேட்ட மன்னிப்பில் தவறுகளை வரிசையாக ஒப்புக்கொண்டது. போனில் பேசியவரின் பதவியைக் கேட்கவில்லை என்பது அதில் இரண்டாவது. முதலாவது, அந்தப் பெயர்களை யாரும் வாய்விட்டு வாசித்துப் பார்க்கவில்லை என்பது. மூத்த தயாரிப்பாளர்கள் மூவர் வேலையிழந்தார்கள்.

விரிகுடாவின் அக்கரையில் கான்டனீஸ் செய்தி கால் நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருந்த வட்டாரம் அது. கறுப்பினத்தவரான டென்னிஸ் ரிச்மண்ட் முப்பது வருடத்துக்கு மேல் செய்தி வாசித்த நிலையமும் இதுவேதான். 2008-ல்தான் ஓய்வு பெற்றிருந்தார். திரையில் தெரியும் முகத்தைக் கணக்கெடுத்தால் கே.டி.வி.யு. தேறிவிடும். அந்த நான்கு பெயர்கள் வந்த வழியில் இருந்த மேஜைகளைக் கணக்கெடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் காத்திருக்கும் தமிழர்களுக்கு ஒரு மௌனம் பழக்கம். நர்ஸ் கதவைத் திறந்து, கையிலிருக்கும் தாளைப் பார்த்து, ஒரு நொடி வாயைத் திறந்தபடி நிற்பார். உடனே நாம் எழுந்துவிடுவோம். அது நம் பெயர்தான். என்னை அப்படி எத்தனை முறை எழுப்பியிருக்கிறார்கள் என்று கணக்கில்லை. அந்த நண்பகல் ஒளிபரப்பின் பதிவைப் பார்த்தபோது நான் எதிர்பார்த்தது அந்த ஒரு நொடியைத்தான். வரவில்லை. நான்கு பெயர்களும் தடுக்காமல், வானிலை அறிக்கை போலப் போயின.

(தொடரும்)